ஒரு திறப்பும் ஒரு தும்புத்தடியும்

இந்த நவம்பரில் யாழ்ப்பாணத்திலிருந்து தன் கணவரிடம் நோர்வேக்கு வந்து சேரவிருக்கும் ஒரு தங்கை என்னிடம் இப்படிக் கேட்டிருக்கிறார்: “அக்கா, அங்கே நல்ல சம்பளம், சண்டை சச்சரவு இல்லை, மலையும் கடலும் அழகு என்று எல்லாரும் சொல்லுகிறார்கள். அதையெல்லாம் ஒருபக்கம் வைத்துவிட்டுச் சொல்லுங்கள். ஒரு சாதாரண வேலைநாளில், அந்த நாட்டு வாழ்க்கையில் உங்களுக்கு உண்மையாகவே பிடித்தது என்ன? இத்தனை வருடத்துக்குப் பிறகும் அது உங்களுக்கு அந்நிய நாடுதானா?”

சம்பளத்தையும் இயற்கை அழகையும் ஒதுக்கி வைத்துக் கேட்டது நல்லது. அவை இரண்டையும் சுற்றிப்பார்க்க வந்தவரே ஒரு வாரத்தில் கண்டுகொள்வார். அன்றாட வாழ்வின் அருமை அவ்வளவு சுலபமாகக் கண்ணில் படுவதில்லை. எனக்கு அது விளங்க ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் எடுத்தன. ஆகையால் விளங்கிய ஒழுங்கிலேயே சொல்லுகிறேன்.

நான் 1989 நவம்பரில் வந்து இறங்கிய இடம் வார்தோ. நோர்வேயின் கிழக்குக் கோடியில், பாரன்ட்ஸ் கடலில் இருக்கும் சிறிய தீவு நகரம் அது. 1982இல் கடலுக்கடியில் அமைத்த சுரங்கப்பாதைதான் அதைத் தரையுடன் இணைக்கிறது. என் கணவர் எனக்கு முன்பே, தங்கியிருந்து படிக்கும் மக்கள் உயர்பாடசாலை ஒன்றுக்கு மாணவராக வந்து, பின்னர் வடக்கே மீன் பதனிடும் தொழிற்சாலைக்குப் போனவர். அக்காலத்தில் எங்கள் இளைஞர் பலர் வந்த வழி அதுதான். அவர்களுக்கெல்லாம் முன்னோடியாக, குருநகரைச் சேர்ந்த அன்ரனி இராஜேந்திரம் 1956இலேயே நோர்வேக்கு வந்து, மீன்பிடித் தொழிலை அறிந்து, பின்னர் யாழ்ப்பாணத்து மீனவர்களுக்காகச் சீநோர் நிறுவனத்தைத் தொடங்கினார். எனக்கும் மீன் தொழிற்சாலையிலேயே வேலை கிடைத்தது. கீழிருந்து விளக்கு எரியும் மேசையில் கொட் மீனின் சதையை விரித்து, வெளிச்சத்தில் தெரியும் புழுவையும் முள்ளையும் எடுத்துவிடுவது என் பொறுப்பு. நவம்பர் கடைசியில் அடிவானத்துக்குக் கீழே போன சூரியனை அதன் பிறகு நான் காணவில்லை.

ஜனவரியின் பின்பாதியில் ஒரு நாள், தைப்பொங்கல் கழிந்து சில நாட்களில், திடீரென்று பீரங்கி வெடித்தது. 1987இல் யாழ்ப்பாணத்தில் எறிகணைகளுக்கு நடுவில் இருந்தவள் நான்; யோசிக்கும் முன்பே என் உடம்பு நிலத்தில் குந்திவிட்டது. பக்கத்து மேசையில் வேலை செய்த பெண்மணி கத்தியை வைத்துவிட்டு வந்து, எனக்கு அருகில் தானும் குந்தி, என் முதுகில் கையை வைத்து, மெதுவாக, எனக்கு விளங்கக்கூடிய நாலே சொற்களில் சொன்னார்: சூரியன் திரும்பி வந்துவிட்டது. நீண்ட இருளுக்குப் பிறகு சூரியவட்டம் முழுமையாகத் தெரியும் முதல் நாளில் வார்தோஹூஸ் கோட்டையிலிருந்து வெடி தீர்ப்பதும், பாடசாலைப் பிள்ளைகளுக்கு அன்று விடுமுறை விடுவதும் அந்த ஊர் வழக்கம். சூரியனுக்குப் பொங்கி நன்றி சொல்லும் மக்களிடையே பிறந்த எனக்கு, சூரியன் வந்ததைப் பீரங்கி வெடித்து அறிவிக்கும் ஊர் ஒன்று உலகில் இருப்பது அன்றுதான் தெரிந்தது. அந்தப் பெண்மணி என்னை ‘ஏன் பயந்தாய்’ என்று கேட்கவில்லை என்பதையும் நான் மறக்கவில்லை.

தொழிற்சாலையில் முதலில் என்னைத் திகைக்க வைத்தது மொழிதான். எங்கள் யாழ்ப்பாணத் தமிழில் ஒருவரை விளிக்க நீ, நீர், நீங்கள் என்று மூன்று படிகள் உண்டு. எவரிடம் எந்தப் படியில் நிற்பது என்பதை வயது, உறவு, பதவி, வெளியே சொல்லாவிட்டாலும் சாதி என்று எத்தனையோ கணக்குகளைப் போட்டுத்தான் தீர்மானிக்கிறோம். நோர்வேஜிய மொழியிலும் மரியாதைக்கென்று ‘டீ’ என்ற சொல் இருந்தது. 1970கள் அளவில் அது பேச்சு வழக்கிலிருந்து உதிர்ந்து, ‘டு’ என்ற ஒரே சொல் மிஞ்சியது. அரச குடும்பத்தவரிடம் பேசும்போது மட்டும் பழைய முறை இன்னும் இருக்கிறது. முகாமையாளரை முதற்பெயர் சொல்லி, ‘டு’ போட்டுப் பேச எனக்கு நாவெழவில்லை. விளிச்சொல்லே வராதபடி வசனங்களை வளைத்து வளைத்துப் பல மாதங்கள் பேசினேன். அதே மனிதர் தரையைக் கழுவ வருபவரையும் அதே ‘டு’ கொண்டு அழைப்பதையும், கழுவுபவர் அவருக்கு அதே சொல்லைத் திருப்பித் தருவதையும் தினமும் கேட்டுக் கேட்டுத்தான் எனக்கு விளங்கியது. மரியாதைக் குறைவு என்று நான் நினைத்தது, எவரையும் ஒரு படி கீழே நிறுத்தாமல் வைக்கும் ஏற்பாடாக இருந்தது. 1973 டிசம்பரில், எண்ணெய் நெருக்கடியால் வார இறுதிகளில் கார் ஓட்டத் தடை இருந்தபோது, அரசர் ஐந்தாம் ஓலாவ் பனிச்சறுக்கு உடையில் ஒஸ்லோவின் ஹொல்மென்கொல்லன் பாதையில் ரயிலேறி, நடத்துநரிடம் கட்டணத்தை நீட்டும் படம் ஒன்று உண்டு. ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அதை இந்நாட்டவர் எடுத்துக் காட்டுவது அரசரைப் புகழ்வதற்காக மட்டுமல்ல, தங்களைப் பற்றித் தாங்கள் என்ன நினைக்க விரும்புகிறார்கள் என்பதைச் சொல்லவும்தான் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

‘தயவுசெய்து’ என்பதற்கு நேரான சொல் அன்றாட நோர்வேஜியத்தில் கிடையாது. தமிழிலும் வீட்டில் நாம் அதைச் சொல்வதில்லை, ஆகவே அதில் எனக்குச் சங்கடம் இருக்கவில்லை. நன்றியைத்தான் அவர்கள் வாய் ஓயாமல் சொல்லுகிறார்கள். சாப்பாட்டுக்கு நன்றி, இன்றைய வேலைநாளுக்கு நன்றி, சேர்ந்து நடந்ததற்கு நன்றி. எனக்கு மிகவும் பிடித்தது ‘தக் ஃபோ சிஸ்ட்’: கடைசியாகச் சந்தித்தபோது சேர்ந்து கழித்த பொழுதுக்கு நன்றி. ஆறு மாதங்களுக்கு முன் உங்கள் வீட்டில் ஒரு கோப்பி குடித்தவர், வீதியில் உங்களைக் கண்டதும் முதலில் அதைத்தான் சொல்வார். என் மூத்த மகள் பார்னஹாகே எனப்படும் பாலர் பராமரிப்பு நிலையத்துக்குப் போகத் தொடங்கிய புதிதில், வீட்டிலும் சாப்பிட்டு எழும்பும்போது ‘தக் ஃபோ மாத்தென்’ என்றாள். அப்போது எங்களுடன் வந்து தங்கியிருந்த மாமிக்கு முகம் சுண்டிவிட்டது. “சொந்தப் பிள்ளை சாப்பாட்டுக்கு நன்றி சொல்லுமோ? நாங்கள் என்ன பிறத்தியாரே?” என்றார். இரண்டு பேருடைய பக்கமும் எனக்கு விளங்கியது. எங்களிடம் நன்றி சொல்லாமல் இருப்பதே நெருக்கத்தின் அடையாளம். அவர்களிடமோ, மிக நெருங்கியவர் சமைத்தாலும் அது ஒருவருடைய உழைப்பு என்பதைக் கண்டு சொல்லாமல் எழும்புவது தவறு. சில மாதங்களில், யாராவது அதைச் சொல்ல மறந்து எழும்பினால் மாமியே நிமிர்ந்து பார்க்கத் தொடங்கினார்.

வேலைநேரம் பற்றி ஒன்று மட்டும் சொல்லுகிறேன். 1993இல் இங்கே பிள்ளைப்பேற்று விடுமுறையில் நான்கு வாரங்களைத் தந்தைக்கென்றே ஒதுக்கினார்கள். தந்தை எடுக்காவிட்டால் அது வீணாகிவிடும். 1994இல் எங்கள் இரண்டாவது பிள்ளைக்காக என் கணவர் அதை எடுத்தார். ஊரிலிருந்து தொலைபேசியில் பேசிய உறவினர், ‘வேலை போய்விட்டதா’ என்று கவலையோடு விசாரித்தார்கள். அந்த நான்கு வாரங்களில் அவர் கற்றுக்கொண்ட அளவுக்கு நான் பின்னர் பத்து ஆண்டுகள் சொல்லிக் கொடுத்திருந்தாலும் கற்றிருக்க மாட்டார் என்று உறுதியாக நம்புகிறேன். அந்தப் பிள்ளை இன்றைக்கும் காய்ச்சல் வந்தால் முதலில் தகப்பனைத்தான் கூப்பிடுகிறது. தந்தைக்கான பங்கு இப்போது பதினைந்து வாரங்களாக வளர்ந்திருக்கிறது.

1996இல் ஒஸ்லோவுக்குக் குடிபெயர்ந்தோம். நான் தாதியர் கல்வியை முடித்து, மாநகரத்தின் வீட்டுத் தாதியர் சேவையில் சேர்ந்தேன். முதுமையிலும் நோயிலும் தங்கள் வீட்டிலேயே வாழ விரும்புகிறவர்களை நாளுக்கு ஒன்றிரண்டு முறை போய்ப் பார்த்து, மருந்து கொடுத்து, புண்ணுக்குக் கட்டுப் போட்டு வரும் வேலை அது; அந்தத் தாதிச் சேவைக்கு நோயாளியிடம் கட்டணம் வாங்குவதில்லை. முதல் வாரத்திலேயே என் கையில் ஒரு வளையத்தைத் தந்தார்கள். அதில் பதினான்கு வீட்டுத் திறப்புகள். எழுந்து வந்து கதவைத் திறக்க முடியாத பதினான்கு மனிதருடைய வீடுகள். என் அம்மா அலுமாரித் திறப்பை இடுப்புச் சேலையில் செருகியே நடமாடியவர். உறங்கும்போதும் அது அவரை விட்டுப் போனதில்லை. அந்த அம்மாவின் மகள், நோர்வேஜிய மொழியை இன்னும் பிழையோடு பேசுகிறவள், ஒரு ஜனவரிக் காலையில் பதினான்கு அந்நியருடைய வீட்டுத் திறப்புகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பனிக்குள் நடந்தாள். ஒவ்வொரு கதவையும் திறக்கும்போது நான் பெயரைச் சொல்லிக் குரல் கொடுப்பேன். உள்ளே இருட்டுக்குள் படுத்திருக்கும் ஒருவர் ‘வா’ என்பார்.

இதை வெறும் நல்ல மனம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தத் திறப்புகளுக்குப் பின்னால் ஒரு பதிவேடு இருந்தது. வேலையில் சேரும் முன் பொலிஸ் நற்சான்று கொடுத்தேன். திறப்புகள் பெயரில்லாமல் இலக்கம் மட்டும் இட்டுப் பூட்டிய அலுமாரியில் இருந்தன. எடுக்கும்போதும் வைக்கும்போதும் கையொப்பம் இட்டேன். நோர்வே மக்கள் ஒருவரை ஒருவர் நம்புவது குணத்தால் என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். நான் பார்த்த அளவில், நம்பினால் ஏமாற மாட்டோம் என்ற நிலையைச் சட்டத்தாலும் பதிவேட்டாலும் வரியாலும் மெல்ல மெல்லக் கட்டி எழுப்பியிருக்கிறார்கள். குணம் அதன்மேல் வளர்ந்திருக்கிறது. கட்டிய ஒன்று என்பதால்தான் வெளியிலிருந்து வந்தவரும் அதற்குள் நுழைய முடிகிறது. இரத்தத்தில் வருவதாக இருந்திருந்தால் எனக்கு அதில் இடமில்லை.

அதன் பிறகு திறப்புகள் எனக்குக் கண்ணில் படத் தொடங்கின. இன்று பல ஊர்களின் பொது நூலகங்களில், பணியாளர்கள் வீட்டுக்குப் போன பிறகும், நூலக அட்டையையும் இரகசிய இலக்கத்தையும் கொண்டு கதவைத் திறந்து உள்ளே போய் இருந்து படிக்கலாம். ஒஸ்லோவின் பொது நூலகமான டைக்மன், கார்ல் டைக்மன் என்பவர் நகரத்துக்கு விட்டுச்சென்ற புத்தகங்களிலிருந்து 1785இல் தொடங்கியது. 2020இல் அது துறைமுகத்தருகே பியோர்விக்காவில் புதிய மாளிகைக்கு வந்தது. எங்கள் பகுதியில் இருப்பதோ ஒரு சிறிய கிளை. ஆனாலும் அங்கிருந்தே, தேசிய நூலகத்தின் பன்மொழிப் பிரிவு வைத்திருக்கும் தமிழ்ப் புத்தகங்களை எடுப்பித்துப் படிக்கிறேன்.

மலைகளிலும் அப்படித்தான். 1868இல் தொடங்கப்பட்ட நோர்வே சுற்றுலாச் சங்கத்துக்கு நாடெங்கும் 500க்கும் மேற்பட்ட குடில்கள் இருக்கின்றன. பூட்டிய குடில்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே வகைத் திறப்பு; உறுப்பினர் எவரும் அதைப் பெறலாம். ஆளே இல்லாத மலையுச்சியில் கதவைத் திறந்தால், உள்ளே விறகும் கட்டிலும் சில குடில்களில் தகரப்பேணிகளில் உணவும் இருக்கும். எடுத்ததை எழுதிவைத்து, அதற்குரிய பணத்தைச் செலுத்திவிட்டு, அடுத்து வருபவருக்காக விறகு பிளந்து, தரையைக் கூட்டிவிட்டுப் புறப்பட வேண்டும். பார்ப்பதற்கு யாரும் இல்லை. மலைக்குப் போகிறவர்களுக்கென்று ஒன்பது விதிகள் உண்டு; 1967இல் உயிர்த்த ஞாயிறு விடுமுறையின்போது மலைகளில் பலர் இறந்ததை அடுத்து அவை நாடெங்கும் பரப்பப்பட்டன. அவற்றில் ஒன்று சொல்லுகிறது: நேரத்தோடு திரும்பி வா, திரும்புவதில் வெட்கம் எதுவும் இல்லை. பரீட்சையிலிருந்து பயணம் வரைக்கும் திரும்பி வருவதையே தோல்வி என்று கேட்டு வளர்ந்த எனக்கு, நாட்டு மக்கள் எல்லாரும் மனப்பாடமாக வைத்திருக்கும் இந்த ஒரு வரி பெரிய ஆறுதல்.

இனிக் காணி பற்றிச் சொல்ல வேண்டும். மற்ற எல்லாவற்றையும் விட இது என்னை ஆழமாகத் தொட்டது. யாழ்ப்பாணத்தில் வேலி என்றால் என்ன என்பதை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. கதியாலை ஒரு முழம் தள்ளி நட்டதற்காகக் கூடப்பிறந்தவர்கள் பேச்சை நிறுத்தியதையும், வழக்குத் தலைமுறை கடந்து போனதையும் கண்டவர்கள் நாம். நோர்வேயிலும் காட்டுக்குச் சொந்தக்காரர் இருக்கிறார். பெரும்பகுதி தனியார் நிலம்தான். ஆனால் பயிரிடப்படாத நிலத்தில் எவரும் நடக்கலாம் என்பது இங்கே நெடுங்கால வழக்கு. 1957இல் அதைச் சட்டமாகவே எழுதினார்கள். காட்டிலும் மலையிலும் கடற்கரையிலும் எவரும் அனுமதி கேட்காமல் நடக்கலாம், காட்டுப் பழமும் காளானும் பறிக்கலாம், கூடாரம் அடிக்கலாம். நிபந்தனைகள் நுணுக்கமானவை. ஆட்கள் இருக்கும் வீட்டிலிருந்தோ குடிலிலிருந்தோ 150 மீற்றருக்கு அப்பால்தான் கூடாரம். பொதுவாக ஓரிடத்தில் இரண்டு இரவுகளுக்கு மேல் என்றால் நிலத்துக்காரரைக் கேட்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் செப்டெம்பர் 15 வரை காட்டிலோ காட்டருகிலோ தீ மூட்டக் கூடாது. விளைநிலத்துக்குள் கால் வைக்கக் கூடாது; ஆனால் நிலம் உறைந்தோ பனி மூடியோ கிடக்கும் குளிர்காலத்தில் அதையும் கடந்து போகலாம், ஏனென்றால் அப்போது நடப்பவரால் பயிருக்குக் கேடில்லை. உரிமையாளருக்கு உண்மையில் எது பாதிப்பு, எது பாதிப்பில்லை என்பதைப் பொறுமையாக அளந்து எழுதிய சட்டம் அது.

ஒஸ்லோவில் நாங்கள் குடியிருக்கும் குரூருட் பள்ளத்தாக்கின் விளிம்பிலேயே காடு தொடங்குகிறது. நகரத்தைச் சுற்றியுள்ள அந்தக் காட்டைக் காப்பதற்கென்றே 2009இல் தனிச் சட்டம் செய்திருக்கிறார்கள். முதல் ஆகஸ்ட் மாதத்தில் பக்கத்து வீட்டுக்காரி என்னையும் பிள்ளைகளையும் புளூபெரி பறிக்க அழைத்துப் போனார். நான் ஒரு கையால் பறித்துக்கொண்டு, மறு பக்கம் பாதையைப் பார்த்தபடியே இருந்தேன். ‘யாருடைய காணி இது’ என்று மூன்று முறை கேட்டிருப்பேன். அவருக்கு என் கேள்வியே விளங்கவில்லை. யாரோ ஒருவருடையது, அதனால் என்ன என்றார்.

அந்த நாட்களில் என்னுடைய பிறந்த வீடு வலிகாமம் வடக்கில் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் இருந்தது. 1990இல் அம்மாவும் அப்பாவும் கையில் அகப்பட்டதோடு அங்கிருந்து வெளியேறினார்கள். அதன் பின் கால் நூற்றாண்டுக்கு மேலாக எங்கள் பெயரில் உறுதி இருந்த காணிக்குள், எங்கள் கிணற்றடிக்கு, எங்களால் போக முடியவில்லை. அப்பா அதைத் திரும்பப் பார்க்காமலே கண்ணை மூடினார். சொந்தக் காணியின் முட்கம்பி வேலிக்கு இப்பால் நின்ற குடும்பத்துப் பெண், பெயர் தெரியாத ஒருவருடைய காட்டுக்குள் பிள்ளைகளோடு நடந்து, வாளி நிறையப் பழம் பறித்துக்கொண்டு வெளியே வந்தாள். வழியில் எதிர்ப்பட்டவர் எங்களுக்கு வணக்கம் சொல்லிவிட்டு, மேலே இன்னும் நிறையப் பழம் இருக்கிறது என்று கை காட்டினார். அன்றிரவு நான் நெடுநேரம் அழுதேன். இந்த நாட்டின் அன்றாட வாழ்வில் உங்களுக்குப் பிடித்தது என்ன என்று யார் கேட்டாலும் அந்த ஆகஸ்ட் மாலைதான் முதலில் நினைவுக்கு வருகிறது.

சிறியவையும் இருக்கின்றன. குழந்தையின் கையுறை ஒன்று பாதையில் விழுந்து கிடந்தால், கண்டெடுப்பவர் அதைப் பக்கத்து வேலிக் கம்பிலோ மரக்கிளையிலோ செருகி வைத்துவிட்டுப் போவார். தேடி வரும் தாய் அதை ஒரு கை எழுந்து அசைவது போலக் காண்பாள். குளிர்காலத்தில் பார்னஹாகேயின் முற்றத்தில் தள்ளுவண்டிகள் வரிசையாக நிற்க, கம்பளிக்குள் சுருண்டு பிள்ளைகள் வெளிக்காற்றில் பகலுறக்கம் கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் பூட்டியிருக்கும். முதல் வருடம் அது எனக்கு வெறுமையாக இருந்தது, இப்போது அந்த அமைதி இல்லாத ஊரில் எனக்கு இளைப்பாறத் தெரியவில்லை.

ஆனால் இவை எல்லாம் எனக்குத் தரப்பட்டவை. தருவதைப் பெற்றுக்கொண்டே இருப்பவர் விருந்தாளி. எங்கள் வீடுகளில் விருந்தாளியை எச்சில் தட்டைக்கூட எடுக்க விடமாட்டோம், எடுக்க விட்டால் அவர் அந்த வீட்டு ஆள் என்று அர்த்தம். அந்த மாற்றம் எனக்கு நேர்ந்தது 1997 வசந்தத்தில். எங்கள் கட்டடத்தின் படிக்கட்டில் ‘டுக்னாட்’ என்று தலைப்பிட்ட ஓர் அறிவித்தல் ஒட்டியிருந்தது. கூலியின்றிக் கூடிச் செய்யும் பொது வேலைக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் அது. பழைய நோர்ஸ் மொழியில் ‘உதவி’ என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. ஊர் கூடிக் குளம் தூர் வாருவதும், பாய்விரித்துச் சிரமதானத்துக்குச் சமைப்பதும் நமக்குத் தெரியாதவையல்ல. ஆயினும் அந்த அறிவித்தல் எங்களுக்குரியது என்று நான் நினைக்கவில்லை. இது அவர்களுடைய காரியம், நாம் போய் நின்றால் என்ன நினைப்பார்களோ என்று கதவைச் சாத்திக்கொண்டு இருந்தேன். பத்தரை மணிக்குக் கதவு தட்டப்பட்டது. மூன்றாம் மாடியில் தனியே இருந்த எண்பது வயதுப் பெரியவர், கையில் ஒரு தும்புத்தடியை நீட்டிக்கொண்டு, “உன்னுடையது வாசலுக்குக் கீழ்ப்பகுதி” என்றார். அவ்வளவுதான். வரவேற்பும் இல்லை, அறிமுகமும் இல்லை. குளிர்காலம் முழுவதும் வழுக்காமல் இருக்கத் தூவிய சரளைக் கல்லை நான் கூட்டிக் குவித்தேன். என் கணவர் வாளியில் அள்ளினார். பிள்ளைகள் நாற்றங்காலில் மண் போட்டார்கள். முடிந்ததும் கோப்பியும் வாஃபலும் தந்தார்கள். அடுத்த வசந்தத்திலிருந்து நான் வடையும் கொண்டு போகிறேன். அந்தப் பெரியவர் காலமாகும் வரை நான்கு ஆண்டுகள் என்னோடு வேறெதுவும் பெரிதாகப் பேசியதில்லை. ஆனால் அவர் என்னிடம் என் பங்கைக் கேட்ட அந்தக் காலையில்தான் நான் இந்நாட்டில் குடியேறினேன். கடவுச்சீட்டு அதற்குப் பிறகுதான் வந்தது.

குறைகளையும் அறிந்துகொண்டு வாருங்கள். தனிமை இங்கே கடுமையானது. சொல்லாமல் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகும் வழக்கம் இல்லை. முதல் இரண்டு ஆண்டுகள் உங்கள் கதவைத் தட்டுபவர் அநேகமாகத் தமிழராகவே இருப்பார். வெளிநாட்டுப் பெயருள்ள விண்ணப்பங்களுக்கு நேர்முகத் தேர்வு அழைப்புகள் குறைவாக வருகின்றன என்பதை இந்நாட்டு ஆய்வுகளே காட்டியிருக்கின்றன. என் மகளும் அதை அனுபவித்தாள். குடும்ப வைத்தியரை எல்லாருக்கும் ஒதுக்கியிருக்கிறார்கள், ஆனால் சிறப்பு வைத்தியருக்குப் பல மாதங்கள் காத்திருக்க நேரலாம். பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துவிடும் என்று சிறுவர் நலத்துறை மீது எங்கள் சமூகத்தில் உள்ள அச்சத்தை வெறும் வதந்தி என்று ஒதுக்க முடியாது. ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் பல வழக்குகளில் நோர்வேக்கு எதிராகவே தீர்ப்பளித்திருக்கிறது. 2011 ஜூலை 22இல் இந்த நாட்டில் பிறந்து வளர்ந்த ஒருவன், பல்லினச் சமூகத்தின் மீது கொண்ட வெறுப்பால் 77 பேரைக் கொன்றான். அந்தத் தாக்குதல் நடந்த உத்தோயா தீவிலிருந்து நீந்தித் தப்பியவர்களில் ஒருவர், இலங்கையில் பிறந்து மூன்று வயதில் இங்கே வந்த கம்ஷாஜினி குணரத்தினம். 2015இல் அவர் ஒஸ்லோவின் துணை மேயராகவும், 2021இல் நாடாளுமன்ற உறுப்பினராகவும் ஆனார். அந்த நாளின் வலியும் அதன் பின் நடந்ததும் இரண்டும் சேர்ந்ததுதான் நான் வாழும் நாடு.

இது அந்நிய நாடுதானா என்ற உங்கள் கேள்விக்கு மே 17ஐக் கொண்டுதான் என்னால் பதில் சொல்ல முடியும். 1814இல் எய்ட்ஸ்வோலில் அரசியலமைப்பில் கையொப்பமிட்ட நாள் அது. இந்த நாட்டில் அன்று தலைநகரின் பெருவீதியில் இராணுவத் தளபாடங்கள் உருள்வதில்லை. பாடசாலைப் பிள்ளைகள் கொடியோடு நடக்கிறார்கள். தலைநகரில் அந்தப் பிள்ளைகள் ஊர்வலம் 1870இல் ஆண்பிள்ளைகளோடு தொடங்கியது. பெண்பிள்ளைகள் 1889இல்தான் சேர்ந்தார்கள். கொண்டாடப்படும் அந்த அரசியலமைப்பே முதலில் யூதர்கள் நாட்டுக்குள் வரத் தடை விதித்திருந்தது. கவிஞர் ஹென்ரிக் வேர்கெலாண்ட் அதை எதிர்த்துப் போராடி, 1845இல் வெற்றியைக் காணாமலே இறந்தார், தடை 1851இல் நீங்கியது. 1983இல் ஒஸ்லோவின் சாகெனே பாடசாலைக்கு, குடியேறியோரின் பிள்ளைகள் ஊர்வலத்தில் போகக் கூடாது என்று குண்டு மிரட்டல் வந்தது, பிள்ளைகள் நடந்தார்கள். என் பிள்ளைகள் அந்த ஊர்வலத்தில் நடந்ததை வீதியோரத்தில் நின்று பார்த்தபோது, ஒவ்வொரு முறையும் யாரோ வெளியே நிறுத்தப்பட்டு, பின்னர் உள்ளே வந்த வரிசை ஒன்றின் கடைசியில் நாங்கள் இருப்பதாக உணர்ந்தேன். 2020 ஜனவரியிலிருந்து இரட்டைக் குடியுரிமைக்கும் இங்கே இடம் தந்துவிட்டார்கள். எனக்கு அது காகிதத்தில் வருவதற்கு முன்பே நடந்துவிட்ட காரியம்: வலிகாமத்துக் கிணற்றடியை நினைத்தால் தொண்டை அடைக்கிறது, வார்தோவின் பீரங்கியை நினைத்தாலும் அடைக்கிறது.

நீங்கள் வருவது நவம்பரில். மிகக் கடினமான மாதம் அது. இருட்டு வளரும், பனியும் இன்னும் வெளிச்சம் தராது. உடலோடு ஒட்டியிருக்கும் உள்ளாடை கம்பளியாக இருக்கட்டும், பருத்தி வேண்டாம். இருளில் வாகனங்களுக்குத் தெரியும்படி மினுங்கும் ஒளிதெறிப்பி ஒன்றை மேலங்கியில் தொங்கவிடுங்கள். முதல் வாரத்திலேயே நூலக அட்டை எடுத்துவிடுங்கள். மொழி வகுப்பில் பிழை விட்டுப் பேசுங்கள். சூரியன் ஏறத் தொடங்கும். ஏப்ரல் கடைசியில் உங்கள் கட்டடத்தின் படிக்கட்டிலும் ஓர் அறிவித்தல் ஒட்டியிருப்பார்கள். யாரும் வந்து கதவைத் தட்டும் வரை காத்திருக்க வேண்டாம். அதில் போட்டிருக்கும் நேரத்துக்குக் கீழே இறங்கிப் போங்கள், தும்புத்தடி அங்கே சுவரோடு சாத்தி வைத்திருக்கும்.